வயிற்றுக்கு ஆகாதது எது?

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சபையிலே பேசத் தகாதது என்று நம்மவர் ஒதுக்கி வைத்த விஷயமொன்றைப் பற்றி இன்று பேச எழுந்துள்ளோம். தலையிடி வந்தால் ஊரறியச் சொல்கிறோம். முழங்கால் நோவைப் பற்றி ஒழுங்கையில் நின்று அரைமணி நேரம் பேசுகிறோம். வயிறு குழம்பினால் மாத்திரம் வாய் திறப்பதில்லை. கலியாண வீட்டுக்கு வராத பையனைக் கெறுவம் பிடித்தவன் என்கிறோம். அவனோ, பந்தியில் இருந்தபின் இடையில் எழுந்து ஓட நேருமோ என்ற பயத்தினால் வீட்டிலேயே நின்றுவிட்டான். கொழும்புக்கு இரவு பஸ்ஸிற் போகவேண்டியவர் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்திக்கொள்வதும் இதனாலேயே. எமக்கும் இந்த நோய்க்கும் பதினைந்து வருடப் பழக்கம் உண்டு. ஆகையால், பிறர் சொல்லக் கூசுவதை நாமே சொல்லிவிடலாமென்று துணிந்தோம்.

வைத்தியர்கள் இதனை ஐ.பி.எஸ். என்று மூன்றெழுத்திற் சொல்வர். தமிழிலே குடல் எரிச்சல் நோய் என்று எழுதுகிறார்கள். அப்பெயர் எமக்கு அவ்வளவு உவப்பானதன்று. குடலில் எரிவும் புண்ணும் இருப்பதாக அது நினைக்கச் செய்கிறது. உண்மையில் இங்கே புண் இல்லை, கட்டி இல்லை. குடல் எளிதிற் சினங்கொள்ளுகிறது, அவ்வளவே. 2016ஆம் ஆண்டில் உலகத்து நிபுணர் கூடி வகுத்த இலக்கணம் பின்வருமாறு: மூன்று மாதகாலமாக, சராசரி வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி இருத்தல் வேண்டும், மலங்கழித்தலோடு தொடர்புடையதாதல், மலம் போகும் தடவை மாறுதல், மலத்தின் தன்மை மாறுதல் என்னும் மூன்றில் இரண்டாவது அவ்வலியோடு சேர்ந்திருத்தல் வேண்டும், தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருத்தல் வேண்டும். சிலருக்கு வயிற்றோட்டம், சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறிமாறி. பொருமல் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு.

மேலே போகுமுன் ஒரு எச்சரிக்கை. மலத்தோடு இரத்தம் போதல், காரணமின்றி உடம்பு மெலிதல், சோகை, காய்ச்சல், நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய குழப்பம், குடும்பத்தில் குடற் புற்றுநோய் வந்திருத்தல், இவற்றில் ஒன்று இருப்பினும் இன்று நாம் சொல்லப்போகும் ஆகார விஷயங்களை ஒருபுறம் வைத்துவிட்டு வைத்தியரிடம் போகவேண்டும். பெரியோர்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

இனி எமது கதை. நோய் கண்ட முதல் வருடம் பாலை விட்டோம். சற்றே சுகம் தெரிந்தது. அயலிலுள்ள ஒருவர் கத்தரிக்காய் கிரந்தி என்றார், அதையும் விட்டோம். பருப்பு வாயு என்றார் இன்னொருவர். மாம்பழம் சூடு, தயிர் குளிர், உருளைக்கிழங்கு வாய்வு, தோடம்பழம் புளிப்பு. அன்போடு சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லும் எமது கோப்பையிலிருந்து ஒரு பதார்த்தத்தை எடுத்துச் சென்றது. மூன்றாம் வருட முடிவில் சோறும் முருங்கையிலைச் சொதியும் மிஞ்சின. எட்டுக் கிலோ குறைந்துபோனோம். ஒரு வைத்தியர் எல்லாப் பரிசோதனைகளையும் செய்து, "உமக்கு ஒன்றுமில்லை, யோசிக்காதையும்" என்று அனுப்பிவிட்டார். ஒன்றுமில்லாதவனுக்கு ஏன் இப்படி வலிக்கிறது என்று அவரிடம் கேட்க எமக்கு அன்று தைரியம் வரவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை உண்டு. 1973ஆம் ஆண்டில் இங்கிலாந்து வைத்தியர் ஒருவர், பெருங்குடலின் கீழ்ப்பகுதியிலே சிறு பலூன் ஒன்றை வைத்துக் காற்றூட்டி ஊதச் செய்தார். மற்றவர்கள் பொருட்படுத்தாத அளவு ஊதுதலே இந்நோயாளரிற் பலருக்கு வலியாயிற்று. 2017இல் நொட்டிங்காம் சர்வகலாசாலையார் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை இன்னும் தெளிவாக்கியது. நோயாளருக்கும் சுகதேகிகளுக்கும் ஒரே வகைச் சர்க்கரைப் பொருள்களைக் கொடுத்து, வயிற்றினுள்ளே நிகழ்வதைக் காந்தப் படக் கருவியாற் பார்த்தனர். இரு சாராருக்கும் உண்டான வாயு ஏறக்குறைய ஒரே அளவுதான். வலியும் பொருமலும் மட்டும் நோயாளருக்கு மிகுதி. அதாவது உணவு விஷமன்று. வாயு உண்டாதலும் நோயன்று. ஒரே தட்டுதலை ஒரு கதவு கேளாமலிருக்க, மற்றக் கதவு இடியாகக் கேட்கிறது.

கதவு ஏன் இப்படி ஆயிற்று? பல காரணம் உண்டு. ஒன்று மட்டும் சொல்லுவோம். 2000ஆம் ஆண்டிலே கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து வோக்கர்ட்டன் என்னும் சிறு பட்டினத்தில் குடிதண்ணீர் கெட்டு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வயிற்றோட்டத்தால் வருந்தினர். ஏழு பேர் இறந்தனர். தப்பியவர்களை வருடக்கணக்காகக் கவனித்தபோது, கிருமி போய்ப் பல காலத்தின் பின்னும் இந்த ஐ.பி.எஸ். பலரைப் பற்றிக்கொண்டிருந்தது. வயிற்றோட்டத்தில் விழுந்து எழும்பியபின் "அதோடு தொடங்கியது தம்பி" என்று நம்மூர்க் கிழவர் சொல்வது வீண் பேச்சன்று. மனக்கவலையும் குடலைக் கூர்மையாக்கும். அதற்காக வலி கற்பனை என்று பொருளாகாது.

இனி உணவுக்கு வருவோம்.

அவுஸ்திரேலியாவில் மெல்பேண் நகரத்து மொனாஷ் சர்வகலாசாலையிலே பீற்றர் கிப்சன், சூ ஷெப்பேட் என்னும் இருவரும் அவர்தம் கூட்டத்தாரும் 2005ஆம் ஆண்டளவில் ஒரு கருத்தை வெளியிட்டனர். சில வகைச் சிறு சர்க்கரைத் தொடர்கள் சிறுகுடலிலே நன்கு உறிஞ்சப்படுவதில்லை. அவை போகுமிடத்துக்குத் தண்ணீரை இழுத்துச் செல்லும். பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள கிருமிகள் அவற்றைப் புளிக்க வைத்து வாயுவாக்கும். தோசைமா இராமுழுதும் பானையிற் பொங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். இச்சர்க்கரைகள் யாவற்றுக்கும் சேர்த்துப் பொட்மப் என்று பெயரிட்டனர். 2014இல் அவர்கள் முப்பது நோயாளருக்கு, உணவு முழுவதையும் தாமே சமைத்துக் கொடுத்து, இருபத்தொரு நாள் இவ்வகை குறைந்த ஆகாரமும் இருபத்தொரு நாள் வழக்கமான ஆகாரமும் உண்பித்தனர். குறைந்த ஆகாரத்தில் உபாதை நன்றாகத் தணிந்தது.

இப்பொழுது நம் அடுக்களைக்குள்ளே போவோம். பொட்மப் மிகுந்த பொருள்களில் முன்வரிசையில் நிற்பவை வெங்காயமும் உள்ளியும். நாம் பதினெட்டுப் பதார்த்தங்களை விட்டோம். இவையிரண்டையும் ஒருநாளும் சந்தேகிக்கவில்லை! எல்லாக் கறியிலும் இருப்பதனால் எந்தக் கறியையும் குற்றவாளியாக்கிவிடும் வல்லமை இவற்றுக்கு உண்டு. கத்தரிக்காய்க் கறி உண்டு வயிறு பொருமினால் பழி கத்தரிக்காய் மேல் விழுகிறது. அந்தச் சட்டியிலே பத்துச் சின்ன வெங்காயமும் ஒரு முழு உள்ளியும் வெந்துகிடப்பதை யார் எண்ணுகிறார்கள்?

அடுத்தது பருப்பு, கடலை, பயறு, கௌபீ. இவற்றிலுள்ள ஒருவகைச் சர்க்கரையைச் சமிக்கச் செய்யும் நொதியம் மனிதருக்கு இல்லை. நோயாளி, சுகதேகி என்ற பேதமின்றி எவருக்கும் இல்லை. ஆனால் அது தண்ணீரிற் கரையக்கூடியது. நன்றாக ஊறவிட்டு, ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, வேறு தண்ணீரில் அவித்து, அதையும் வடித்துவிட்டால் ஒரு பங்கு குறைந்துபோம். ஊறத் தண்ணீரை ஊற்று என்று பாட்டிமார் சொன்னதற்கு இப்படியும் ஒரு காரணம் கிடைக்கிறது. மைசூர்ப் பருப்பை இவ்வாறு சமைத்து ஓரிரு கரண்டி உண்பதைப் பெரும்பாலார் தாங்குவர்.

பாலிலுள்ள சர்க்கரையைச் சமிக்கச் செய்யும் ஆற்றல் உலகத்து வளர்ந்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர்க்குக் குறைவு. தேத்தண்ணீரில் விடும் சிறிது பால் பலருக்குத் தீங்கு செய்வதில்லை. பெரிய குவளைப் பால் செய்யும். பழங்களில் மாம்பழமும் வத்தகப்பழமும் மிகுதியானவை. பப்பாசி, அன்னாசி, தோடை குறைந்தவை. சீனியில்லாத இனிப்புகளிற் சேர்க்கும் சோர்பிற்றோலும் வயிற்றைக் கலக்கும்.

அரிசியோ மிக நல்ல நண்பன். தானியங்களுள் அரிசி மாப்பொருள்தான் சிறுகுடலிலே ஏறக்குறைய முழுவதும் சமித்துப் போகிறது. கோதுமையில் அப்படியன்று. ஆதலின் அரிசிமா இடியப்பத்தையும் அரிசிமாப் புட்டையும் தாங்கும் வயிறு பாணையும் கொத்துரொட்டியையும் தாங்காதிருத்தல் கூடும். கோதுமைப் புரதமாகிய குளூட்டனே குற்றவாளியென்று இக்காலத்தில் ஒரு பெருங்கூச்சல் உண்டு. 2018இல் நோர்வே தேசத்தார், கோதுமை தமக்கு ஆகாதென்று நம்பிய ஐம்பத்தொன்பது பேருக்கு எதுவென்று தெரியாமல் மாற்றிமாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது, குளூட்டனிலும் பார்க்கக் கோதுமையிலுள்ள சர்க்கரைத் தொடரே கூடுதலான உபாதை செய்தது. வெங்காயத்தில் இருப்பதும் அதே சர்க்கரைதான். குளூட்டனால் உண்மையில் குடல் கெடும் சீலியாக் என்னும் நோய் வேறு; அதற்கு இரத்தப் பரிசோதனை உண்டு. கோதுமையை நிறுத்துமுன்னரே அதைச் செய்வித்தல் வேண்டும். நிறுத்தியபின் செய்தாற் பரிசோதனை ஏமாற்றும்.

நார்ப்பொருளைப் பற்றியும் ஒரு சொல். மலச்சிக்கலா, தவிடு தின்னும் என்று உபதேசிக்கும் நண்பர்கள் எமக்கு அநேகர். 2009இல் ஒல்லாந்து தேசத்து வைத்தியர்கள் 275 நோயாளரை மூன்று பகுதியாக்கி, ஒரு பகுதிக்குத் தவிடும், ஒரு பகுதிக்கு இசப்கோல் உமியும், ஒரு பகுதிக்கு வெறும் அரிசிமாவும் கொடுத்தனர். இசப்கோல் பயன் தந்தது. தவிடு உண்டவர்களிற் பலர் வருத்தம் கூடியதென்று இடையிலே விட்டு விலகினர். நண்பர்கள் மன்னிப்பார்களாக.

வாலிபர்கள் கவனித்துக் கேட்க வேண்டியது இனி வருவதே. மேற்சொன்ன பொருள்களை விலக்கும் காலம் இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் வரையே. அதற்குள் சுகம் தெரியாவிட்டால் இவ்வழி உமக்கு உரியதன்று; எல்லாவற்றையும் பழையபடி உண்ணலாம். சுகம் தெரிந்தால் ஒவ்வொரு வகையாகத் திருப்பி அழைக்க வேண்டும். மூன்று நாளைக்குப் பால்: முதல்நாள் சிறிது, மறுநாள் கூட, அதற்கு மறுநாள் இன்னும் கூட. வயிறு சொல்லுவதைக் கொப்பியில் எழுதவேண்டும். இடையிற் சில நாள் ஓய்ந்து, பின் பருப்பு, பின் உள்ளி, பின் கோதுமை. இந்தத் திருப்பி அழைத்தலைச் செய்யாமல் விலக்குதலோடு நின்றுவிடுவோர் மிகப் பலர். நாமும் மூன்று வருடம் அதைத்தான் செய்தோம். சில வாரம் விலக்கினாலே குடலிலுள்ள நன்மை செய்யும் கிருமிகள் குறைவதை இலண்டன் ஆராய்ச்சியாளர் 2012இலேயே காட்டியுள்ளனர். நெடுங்காலம் விலக்கினால் உடம்பு மெலியும். அதனிலும் மேலாக, சாப்பாட்டைக் கண்டாலே பயம் பிடிக்கும்; அப்பயமே குடலைக் கலக்கும். முடிந்தால் ஆகார ஆலோசகர் ஒருவரின் துணையோடு செய்தல் உத்தமம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முன்னமே மெலிந்தவர்களும் தாமாகச் செய்யவே கூடாது.

காசு கொடுத்தால் ஒரு துளி இரத்தத்திலே உமக்கு ஆகாத நூறு உணவுகளைக் கண்டுபிடித்துத் தருவோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. அமெரிக்க இரைப்பைக் குடல் வைத்தியர் சங்கம் 2021ஆம் ஆண்டு வழிகாட்டியிலே, இந்நோயாளர் யாவருக்கும் அத்தகைய பரிசோதனை செய்ய வேண்டாமென்றே கூறியது. அந்தக் காசுக்கு நல்ல அரிசி வாங்கலாம்.

இவ்வளவும் மிகச் சிரமமென்று தோன்றுவோர்க்கு எளிய வழியும் உண்டு. நேரத்துக்கு உண்ணுதல், ஒருவேளை விட்டு மறுவேளை மூக்குமுட்ட உண்ணாதிருத்தல், மென்று விழுங்குதல், தேத்தண்ணீரும் கோப்பியும் நாளுக்கு மூன்று கோப்பைக்குள் நிறுத்துதல், கொழுப்பையும் மிளகாயையும் குறைத்தல். 2015இல் சுவீடன் தேசத்தார் எழுபத்தைந்து பேரைக் கொண்டு ஒப்பிட்டபோது, இப்பழைய புத்திமதியால் சுகம் கண்டோரும் மொனாஷ் ஆகாரத்தாற் சுகம் கண்டோரும் ஏறக்குறைய சமமாகவே, அவ்வப் பிரிவிற் பாதிப்பேர் அளவில் இருந்தனர். 2024இல் அதே நாட்டார் இரண்டு முறைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தபோது நூற்றுக்கு எழுபத்தாறு பேர் தேறினர். மருந்து மட்டும் உண்டவரில் ஐம்பத்தெட்டுப் பேர். விரதகாரரும் இதைச் சற்று எண்ணவேண்டும். பகல் முழுதும் வெறும் வயிறாக இருந்துவிட்டுப் பருப்பும் வடையும் பாயாசமும் ஒரே இருப்பில் இறங்கினால் சினமுள்ள குடல் பொறுக்காது. விரதத்தை விடும்படி நாம் சொல்லவில்லை. பாறணையை இரண்டாகப் பகிர்ந்து உண்ணலாம்.

எமது கொப்பியின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். கத்தரிக்காய் குற்றமற்றது. தயிர், உருளைக்கிழங்கு, தோடம்பழம் யாவும் குற்றமற்றவை. பால் அரைக் குவளை மட்டும். பருப்பு ஊறவைத்தால் இரண்டு கரண்டி. மாம்பழம் பாதி. பாண் இரண்டு துண்டு. வெங்காயம் சிறிதளவு தாங்குகிறோம். உள்ளி அறவே உடன்படவில்லை. ஆயினும் உள்ளியின் அந்தச் சர்க்கரை தண்ணீரிற் கரையுமே தவிர எண்ணெயிற் கரையாது. ஆகவே எங்கள் வீட்டம்மா உள்ளிப் பல்லை நல்லெண்ணெயிற் பொரித்து வாசனை ஏறியதும் பல்லை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயிலே வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தாளித்துக் கறி வைக்கிறார். போன ஆவணியில் ஒரு கலியாணப் பந்தியிலே எட்டு வருடத்தின் பின் இருந்தோம். சாம்பாரைச் சோற்றின் ஓரத்திலே சிறிது விடச் சொன்னோம். பரிமாறிய பையன் ஏனென்று கேட்டான். கூசாமற் காரணத்தைச் சொன்னோம். அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் அப்படித்தான் ஐயா," என்றான்.