காலிக்கு ஓர் இல்லம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

     

சென்ற திங்கள் இம்மேடையில் சிலப்பதிகாரத்தைப் பற்றி ஓர் அறிஞர் அரிய உரை நிகழ்த்தினார். அதற்கு முந்திய திங்கள் திருமுறைகளைப் பற்றிக் கேட்டு மகிழ்ந்தோம். இன்று நான் நாயைப் பற்றிப் பேச விரும்புவதாகச் செயலாளரிடம் கூறியபோது அவர் சற்றே தயங்கினார். "நாய்களைப் பற்றியா?" என்றார். "நாய்களைப் பற்றி அன்று, ஒரே ஒரு நாயைப் பற்றி" என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. என் நரைக்கு அவர் அளித்த மதிப்பு அது என்று கொள்கிறேன்.

அந்த நாயின் பெயர் காலி. இந்தியில் கறுப்பி என்று பொருள். காப்பகத்தில் பணி செய்யும் பையன்கள் இட்ட பெயர். நம் செவிக்கோ அச்சொல் வேறு விதமாக ஒலிக்கிறது. காலிக் குடம், காலி வீடு என்கிறோமே, அந்தக் காலி! முதன் முதல் கேட்டபோது எனக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. என் மனைவியார் அப்பெயரைச் சொல்ல மறுத்துக் 'காளி' என்றே அழைக்கிறார். இரண்டுக்கும் அது வாலை ஆட்டுகிறது.

'அது' என்றேன். இனி 'அவள்' என்றே சொல்லிக்கொண்டு போவேன். தமிழ்ச் சங்க மேடையில் திணை மயங்குகிறதே என்று புலவர் பெருமக்கள் சினம் கொள்ள வேண்டா. உவகை மிகுதியால் அஃறிணையை உயர்திணையாகக் கூறுவதை நம் இலக்கணம் வழுவமைதி என்று ஏற்றுக் கொள்கிறது. பசுவைத் தாயென்று சொல்லி 'வந்தாள்' என்று முடிப்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டாகத் தருவார்கள். பசுவுக்கு உள்ள சலுகையை நான் நாய்க்கும் கேட்கிறேன். அவ்வளவே.

டில்லி நகரின் எல்லையில், நம் காலனியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அக்காப்பகம் இருக்கிறது. நீண்ட தகரக் கொட்டகை. வரிசையாகக் கம்பி வலை அடைப்புகள். ஓர் அடைப்புக்கு ஆறேழு நாய்கள். சிமெண்டுத் தரை. ஜனவரியில் அத்தரை எவ்வாறு சில்லிட்டிருக்கும் என்பது இங்குக் குளிர்காலம் கழித்த உங்களுக்குத் தெரியும். கோணிப்பைகள் விரித்திருக்கிறார்கள். பினாயில் நாற்றம் நாள் முழுதும் போவதில்லை. ஒரு நாய் குரைத்தால் கொட்டகை முழுவதும் குரைக்கும். அடங்கக் கால்மணி நேரம் ஆகும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அங்குப் பணி புரிவோர் இருக்கும் கையைக்கொண்டு இயன்றதைச் செய்கிறார்கள். ஆயினும் காப்பகம் என்பது மருத்துவமனை போன்றது. நோய் தீர்ந்தபின் அங்கேயே குடியிருக்க எவரும் விரும்ப மாட்டார்.

காலி அங்கு வந்தபோது அவளுக்கு வயது இரண்டு மாதம். ஏதோ வண்டி மோதி முன்கால் ஒடிந்து, சாலையோரத்தில் கிடந்தவளை யாரோ கொண்டுவந்து சேர்த்தார்கள். கால் கூடிவிட்டது, ஓடும்போது மட்டும் ஒரு சிறு தடுமாற்றம் தெரியும். மூன்றாம் மாதத்தில் ஒரு குடும்பத்தார் வந்து அவளைத் தத்து எடுத்துச் சென்றார்கள். ஆறாம் மாதத்தில் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டுத் தலைவருக்கு வேற்றூருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டதாம். இப்போது அவளுக்கு ஒன்பது மாதம்.

காப்பகத்தின் பின்புறம் காவலாளியின் குடியிருப்பு உள்ளது. நண்பகலில் அங்கிருந்து குக்கர் விசில் கேட்கும். மற்ற நாய்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. அவற்றுக்கு அது வெறும் ஓசை. காலி மட்டும் எழுந்து, காதை நிமிர்த்தி, வாயிற்கதவின் பக்கம் சென்று நிற்பாள். மூன்று மாத காலம் ஒரு வீட்டில் இருந்தவள் அல்லவா? இதைக் கண்ட அன்றுதான் இம்மேடையில் பேசுவது என்று முடிவு செய்தேன்.

மாற்றலான அக்குடும்பத்தாரைப் பழித்துப் பேசும் தகுதி எனக்கு இல்லை. 1989ஆம் ஆண்டில் நாகபுரியிலிருந்து எனக்கு டில்லிக்கு மாற்றல் வந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் முற்றத்தில் ராமு என்றொரு நாய் நான்கு ஆண்டுகள் வளர்ந்தது. என் மூத்த மகன் நடை பயின்றதே அதன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான். பதினைந்து நாட்களில் பணியில் சேரவேண்டும். டில்லியில் வீடு இன்னும் அமையவில்லை. காவற்காரரிடம் ஐம்பது ரூபாயைக் கொடுத்து, பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு இரயில் ஏறினோம். இரண்டு மாதம் கழித்து அண்டை வீட்டு மாமியிடமிருந்து கடிதம் வந்தது. வேறு பல செய்திகளுக்கு நடுவில் ஒரு வரி: புதிதாகக் குடிவந்தவர்கள் விரட்டினாலும் ராமு நம் வீட்டு வாயிற்படியை விட்டு நகர்வதில்லை என்று எழுதியிருந்தார். அக்கடிதத்தை என் மகனுக்குப் படித்துக் காட்டாமல் மடித்து வைத்தேன். அவனுக்கு இப்போது நாற்பது வயது ஆகிறது. இன்னும் சொல்லவில்லை, இந்த ஆண்டு மலரில் படித்தால் அறிந்து கொள்வான்.

நிற்க. நாய்க்கும் தமிழருக்கும் உள்ள உறவைச் சொல்ல வருவோர் உடனே தருமபுத்திரரின் நாயை அழைத்துக்கொண்டு வருவது வழக்கம். அதைவிட நமக்கு அணித்தாக ஒரு நாய் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. அவற்றுள் எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனுக்கு அருகில் ஒரு நாயின் உருவமும் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டே கூறுகிறது. எத்தனையோ குறுநில மன்னர்களின் பெயரை நாம் மறந்து விட்டோம். ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டு நிலைத்திருக்கிறது!

அண்மைக் காலத்தில் இத்துறைக்கு ஒரு சட்டத்தைத் தந்ததிலும் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் 1952இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். அவர் கொண்டுவந்த தனி உறுப்பினர் மசோதாவே பின்னர் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி கோலியது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். நடனத்துக்காக மட்டும் அவரை நினைக்கிறோம்.

நாய்களைப் பற்றிப் பேசினால் சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2025 ஆகஸ்டு 11ஆம் நாள், டில்லித் தெரு நாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கவேண்டும் என்று உச்ச நீதி மன்றம் ஆணையிட்டது. நம் காலனி வாட்சப் குழுவிலே அன்றிரவு நடந்த போரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்! பதினொரு நாள் கழித்து, 22ஆம் தேதி, மூன்று நீதிபதிகள் அமர்வு அவ்வாணையை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின் பிடித்த இடத்திலேயே விடவேண்டும். வெறிநோய் கண்டவையும் அவ்வாறு ஐயத்துக்குரியவையும் மூர்க்கமானவையும் மட்டும் இதற்கு விலக்கு என்றது. விரும்புவோர் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தெரு நாயைத் தத்து எடுக்கலாம், எடுத்தவர் அது மீண்டும் தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றும் கூறியது. அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், பள்ளிகள், மருத்துவமனைகள், இரயில் நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றும்படி மற்றோர் ஆணை வந்தது. நான் எந்தக் கட்சியும் பேச வரவில்லை. கடியுண்ட குழந்தையின் தாய் இந்த அவையிலும் இருக்கலாம். அவர் அச்சத்தைச் சிறிதென்று சொல்ல எனக்கு வாய் வராது. வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. கடித்த இடத்தை உடனே சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, காலந் தாழ்த்தாமல் ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். குழந்தைகள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். கீறல்தானே என்று எண்ணி வீட்டில் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது.

காலிக்கு அந்த ஊசி போட்டாயிற்று. ஆண்டுக்கு ஒருமுறை தொடர வேண்டும். கருத்தடையும் முடிந்தது. இருந்தும் ஞாயிறுதோறும் வருகிறவர்கள் அவளைக் கடந்து போய்விடுகிறார்கள். அவள் கறுப்பு; பெண்; நாட்டு நாய்; இவற்றுக்குமேல் குட்டிப் பருவமும் கடந்துவிட்டது. சீமைச் சாதி நாய்க்கு ஐம்பதாயிரம் கொடுத்து, டில்லிக் கோடையில் அதற்குக் குளிர்சாதனம் வைத்துத் தருபவர்களை நான் அறிவேன். இம்மண்ணின் வெயிலுக்கும் குளிருக்கும் பழகிய உடம்பு நாட்டு நாயினுடையது. அதன் குட்டை மயிரே அதற்குப் போதும்.

என்னைப் பார்த்து, நீரே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. எனக்கு வயது எழுபத்திரண்டு. காலிக்கு முன்னே இன்னும் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டு இருக்கிறது. வாழ்நாள் முழுதும் கணக்கு அலுவலகத்தில் இருந்தவன். இந்தக் கணக்கில் மட்டும் என்னால் ஏமாற முடியவில்லை. இரண்டாம் முறை அவள் ஒரு வீட்டை இழப்பதற்கு நான் காரணமாகக் கூடாது.

எடுப்பவர்கள் அறிய வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாடி வீடு தடையன்று. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை அரைமணி நேரம் உலாவ அழைத்துச் செல்ல வேண்டும். அது நம் சர்க்கரை நோய்க்கும் நன்று. தயிர்சாதம் மகிழ்ச்சியோடு உண்பாள். ஆனால் அதுவே முழு உணவாகாது. முட்டையோ இறைச்சியோ கடையில் விற்கும் நாய்த்தீனியோ வேண்டும். வீட்டில் புலால் புழங்காதவர்கள் கடைத்தீனியை வாங்கலாம். வெங்காயம் கூடாது, ஆகவே சாம்பார் கூடாது. உலர்ந்த திராட்சை நாய்க்கு நஞ்சு. பாயசத்தை அன்பினால் ஊற்றிவிடாதீர்கள். சாக்லேட்டும் அவ்வாறே. டில்லியில் வளர்ப்பு நாயை மாநகராட்சியில் பதிவு செய்ய வேண்டும்.

கோடை விடுமுறைக்கு ஊர் போகும்போது என்ன செய்வது? இரயிலில் முதல் வகுப்பு ஏ.சி.யில் கூப்பே முழுவதையும் பதிவு செய்துகொண்டால் உடன் அழைத்துப் போகலாம். கார்டு வண்டியில் நாய்ப்பெட்டியும் உண்டு. சென்னைக்கு இரண்டு இரவும் ஒரு பகலும் அதில் அடைத்து அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் வகுப்புச் செலவு பலருக்குக் கட்டாது. அதற்குச் சங்கத்தில் நாமே ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்பது என் எண்ணம். ஊருக்குச் செல்லும் வீட்டாரின் நாயை, செல்லாத வீட்டார் இருபது நாள் வைத்துக் காப்பது. துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறோமே, அதுபோலத்தான். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இருபது நாளுக்கு என் கணக்கு இடங்கொடுக்கும்.

பிள்ளைகள் கெஞ்சினார்கள் என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். வீட்டிலே ஒருவருக்கு விருப்பம் இல்லையென்றாலும் வேண்டா. குறிப்பாக வீட்டில் இருக்கும் பாட்டியைக் கேளுங்கள். பகல் முழுதும் அந்த நாயோடு இருக்கப்போகிறவர் அவர்தாம். ஆசாரம் பார்க்கிறவராக இருந்தால் சமையலறை, பூசையறை நிலைப்படியைத் தாண்டாமல் இருக்க நாயைப் பழக்கலாம். ஒரு வாரம் பொறுமை வேண்டும். மாற்றல் உத்தரவு வந்தால் என்ன செய்வோம் என்பதை, எடுப்பதற்கு முன் உட்கார்ந்து பேசிவிடுங்கள். விடை கிடைக்கவில்லையென்றால் எடுக்காமல் இருப்பதே நலம். கடுமையாகப் பேசுகிறேன் என்று தோன்றினால் நாகபுரியை நினைத்துப் பொறுத்துக் கொள்ளுங்கள்.

கடைசியாகக் குழந்தைகளுக்கு ஒரு செய்தி. காலியிடம் நான் தமிழில்தான் பேசுகிறேன். 'உட்கார்' என்றால் உட்காருவாள். 'வா' என்றால் வருவாள். பையன்கள் இந்தியில் சொன்னாலும் கேட்பாள். ஆனால் நான் தமிழில் எதைச் சொன்னாலும் அவள் குரைப்பது மட்டும் இந்தியில்தான் என்று எனக்கு ஓர் ஐயம். வீட்டில் உங்கள் அம்மா தமிழில் கேட்டால் நீங்கள் எந்த மொழியில் விடை சொல்கிறீர்கள் என்பதை நான் கேட்கப் போவதில்லை!

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் வண்டி காலனியின் இரண்டாம் வாயிலிலிருந்து காப்பகத்துக்குப் புறப்படும். நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. பார்க்க மட்டும் வருவோரும் வரலாம். அங்குச் சென்றதும் உடனே கையை நீட்டாதீர்கள். சற்று விலகித் தரையில் உட்காருங்கள். அவளே வந்து மோந்து பார்ப்பாள். திரும்பும்போது ஐந்தாவது இருக்கைக்கு ஒரு பழைய போர்வை எடுத்து வைத்திருக்கிறேன்.