சிறைக்குள் ஒரு கட்டுரை வகுப்பு



அமெரிக்கச் சிறைகளில் ஒரு காலத்தில் கல்லூரி வகுப்புகள் ஏராளமாக நடந்தன. ஏழை மாணவர்களுக்கான 'பெல்' என்ற அரசு உதவித்தொகையை நம்பித்தான் அவற்றில் பல இயங்கின. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கைதிகளுக்கு அந்தப் பணத்தை நிறுத்தியது. வகுப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ஐந்து ஆண்டுகள் கழித்து, நியூயார்க் மாநிலத்தின் பார்ட் கல்லூரியில் மாணவராக இருந்த மேக்ஸ் கென்னர், சிறைக்குள் மறுபடி கல்லூரியைக் கொண்டுபோகும் திட்டத்தைத் தொடங்கினார். அந்தத் திட்டத்தில் சேர விரும்புகிறவர் முதலில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். பிறகு நேர்காணல். வருகிற விண்ணப்பங்களோ, இருக்கிற இடங்களைப் போலப் பல மடங்கு.

கைதிகளுக்கு எழுத்துப் பயிற்சி என்றதும் "உங்கள் கதையை எழுதுங்கள்" என்றுதான் பலருக்கும் சொல்லத் தோன்றும். ஆனால் அந்தக் கதையைக் காவல்துறை, நீதிமன்றம், பரோல் குழு என்று எல்லாரும் துருவித் துருவிக் கேட்டாயிற்று. கல்லூரி வகுப்பு கேட்பதே வேறு. இந்த நூலாசிரியர் சொல்வது சரியா? ஏன்? சான்று எங்கே? இந்தப் பத்தி நிற்கவில்லை, திரும்ப எழுதுங்கள். உலகத்தைப் பற்றிக் கைதியின் கருத்தை மதித்துக் கேட்க அங்கே ஓர் ஆள் இருக்கிறார். நான் இந்த வகுப்புகளைப் போற்றுவது இதற்காகத்தான்.

வேலை எளிதல்ல. சிறையில் மாணவர்களுக்கு இணையம் கிடையாது. நாம் அரை நிமிடத்தில் தேடி எடுக்கும் ஒரு கட்டுரையை அவர்கள் எழுதிக் கேட்க வேண்டும். அது அச்சாகி, அதிகாரிகள் பார்த்து அனுமதித்து, கைக்கு வரச் சில சமயம் வாரக்கணக்கில் ஆகும்.

2015-இல் ஈஸ்டர்ன் நியூயார்க் சிறையில் பார்ட் கல்லூரித் திட்டத்தில் படித்த மாணவர்கள் ஹார்வர்டு அணியுடன் விவாதித்து வென்றார்கள். குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைகளை அரசுப் பள்ளிகள் மறுக்கலாம் என்று வாதிட வேண்டிய பக்கம் அவர்களுடையது. அவர்களுக்கே உடன்பாடில்லாத கருத்து அது! பிடிக்காத வாதத்தையும் உள்ளே புகுந்து புரிந்துகொள்ளும் பழக்கம், கட்டுரையைப் பலமுறை அடித்துத் திருத்திய கைக்குத்தான் வரும்.

2023 ஜூலையில் பெல் உதவித்தொகை கைதிகளுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. மகிழ்ச்சிதான். கூடவே ஒரு கவலையும் உண்டு. கைக்கணினியில் பாடத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டு மதிப்பெண் போடுவது மலிவான வழி. பணம் அந்தப் பக்கம் ஓடிவிடக் கூடாது. கட்டுரையின் ஓரத்தில் "இங்கே என்ன சொல்ல வருகிறீர்கள்?" என்று எழுதிவிட்டு, அடுத்த வாரம் நேரில் வந்து பதிலைக் கேட்கும் ஆசிரியருக்கு அந்தப் பணம் போய்ச் சேர வேண்டும்.