அயலாரின் சமயத்தை அறிவோம்

(குருவிகுளம் பங்கின் ஜூபிலி விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



இந்து சமயத்தைப் பற்றிப் பேசும்படி எங்களைப் பணித்திருக்கிறார்கள். எங்களில் எவரும் பண்டிதர் அல்லர். இந்து மக்களோடு ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவர்கள் என்பதே எங்களுக்குள்ள தகுதி.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சிறு வயதில் எங்களில் ஒருவனுக்கு உடலெங்கும் கொப்புளம் கண்டது. அடுத்த வீட்டு ஆச்சி சங்கரன்கோவிலுக்குப் போய், கோயில் புற்றுமண்ணை முந்தானையில் முடிந்து வந்தார். "மண்ணையா கும்பிடுகிறீர்கள்?" என்று நாங்கள் சிரித்தோம். ஆச்சி ஒன்றும் பேசாமல் மண்ணை மறுபடி முடிந்துகொண்டு போய்விட்டார். சில நாளில் ஆகஸ்ட் 15 வந்தது. காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழாவுக்குப் புறப்பட்ட எங்கள் கையில் அதே ஆச்சி ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்து, "அந்தப் பிள்ளைக்காக ஏற்றிவிடுங்கள்" என்றார். எங்கள் மாதாவை அவர் மதித்தார். அவருடைய அம்மனை நாங்கள் ஏளனம் செய்தோம். அந்த வெட்கமே இவ்வுரைக்குக் காரணம்.

"அவர்களுக்குக் கடவுள் பலர்" என்று நம்மவர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதற்கு மறுமொழி சங்கரன்கோவிலிலேயே இருக்கிறது. சங்கன், பதுமன் என்னும் இரு நாக அரசர்களுள் ஒருவர் சிவனே பெரியவர் என்றார். மற்றவர் திருமாலே பெரியவர் என்றார். வழக்கு அம்மையிடம் சென்றது. இருவரும் ஒருவரே என்பதை உலகம் காண வேண்டி அம்மை தவமிருந்தாள். ஆடி மாதம் உத்திராட நாளில் இறைவன் வலப்பாகம் சிவனாகவும் இடப்பாகம் திருமாலாகவும் சங்கரநாராயணராய்க் காட்சி தந்தார் என்பது தல வரலாறு. அந்தச் சந்நிதியில் திருநீறும் தருவார்கள். துளசி தீர்த்தமும் தருவார்கள். ஆடித்தபசுக்குத் திரளும் மக்கள் ஆண்டுதோறும் காணச் செல்வது இந்த ஒருமையைத்தான். உருவம் பல, பரம்பொருள் ஒன்று என்பது அவர்களுள் பெரும்பாலோரின் கொள்கை.

அடுத்தது, "கல்லையும் மண்ணையும் வணங்குகிறார்கள்" என்ற பேச்சு. ஒரு நற்காரியம் தொடங்குமுன் இந்து வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பிடி மஞ்சளைப் பிள்ளையாராகப் பிடித்துவைத்து, இறைவனை அதில் எழுந்தருளும்படி அழைத்து, அறுகம்புல் சாத்தி வழிபடுகிறார்கள். வழிபாடு முடிந்தபின் அதே மஞ்சளை நீரில் கரைத்துவிடுகிறார்கள். மஞ்சளே கடவுள் என்று நினைத்திருந்தால் கரைப்பார்களா? வந்து தங்கும்படி அவர்கள் வேண்டியது இறைவனை; மஞ்சள் அவர் அமரும் இருக்கை. சுரூபத்தின் முன் முழந்தாளிடும் நமக்கு இது விளங்காத செய்தியன்று.

நமக்கு விவிலியம் போல அவர்களுக்கு ஒரே நூல் இல்லை. இருக்கு, யசுர், சாமம், அதர்வணம் என வேதங்கள் நான்கு. ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்டு நெஞ்சில் பதித்துக் காத்ததால் வேதத்தைத் தமிழர் 'எழுதாக் கிளவி' என்றனர். ஆன்மாவையும் பிரம்மத்தையும் ஆராய்பவை உபநிடதங்கள். பகவத் கீதை மகாபாரதத்தின் ஒரு பகுதி. பதினெட்டு அத்தியாயம் கொண்டது. தமிழகத்திலோ சைவர்க்குப் பன்னிரு திருமுறையும், வைணவர்க்கு நாலாயிரத் திவ்வியப் பிரபந்தமும் உயிர். திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-இல் வெளியிட்டவர் ஜி.யு. போப் என்னும் கிறிஸ்தவப் போதகர் அன்றோ!

ஆனால் நூல்களோடு இச்சமயம் நின்றுவிடுவதில்லை. வாசலில் இடும் கோலம், பங்குனி உத்திரத்தன்று குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிச் செல்லும் குடும்பங்கள், சுடலைமாடனுக்கு எடுக்கும் கொடை, அங்கே இரவெல்லாம் ஒலிக்கும் வில்லுப்பாட்டு, எல்லாம் அதில் அடங்கும். வேதம் ஓதாத ஏழையும் தன் தெய்வத்தோடு உறவாடும் வழிகள் இவை. ஏட்டை மட்டும் படித்து இச்சமயத்தை அறிந்துவிட முடியாது.

இவ்வாறு அறிய முயல்வது நமக்குப் புதிதன்று. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதக சுவாமிகள் தமிழும் வடமொழியும் கற்று, இந்நாட்டு நூல்களை ஆராய்ந்தார். காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட ஏட்டில், பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று உலகறியச் சொல்லிற்று.

எல்லாம் ஒன்றே என்று சொல்லி வேற்றுமைகளை மறைக்க நாங்கள் வரவில்லை. வினைக்கேற்ப உயிர் மீண்டும் பிறக்கும் என்பது அவர்கள் கொள்கை. ஒரு முறை வாழ்வு, பின் உயிர்ப்பு என்பது நம் விசுவாசம். இறைவன் பல அவதாரங்கள் எடுத்தார் என்பர் வைணவர். ஒரே முறை மனிதரானார் என்போம் நாம். இறைவனைப் போலவே உயிரும் என்றும் உள்ளது என்கிறது சைவ சித்தாந்தம். உயிரை இறைவன் படைத்தார் என்கிறோம் நாம். வேற்றுமையைச் சரியாக அறிந்தவனே அயலானைச் சரியாக மதிக்க முடியும். அறியாதவன் ஏளனம் செய்வான், அல்லது வெறுமனே தலையாட்டுவான்.

ஆகவே இந்த ஜூபிலி நாளில் பங்கு மக்களுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. பிள்ளைகள் முன்னிலையில் அயலார் வழிபாட்டை இகழ்ந்து பேசாதிருப்போம். ஐயம் எழுந்தால் நமக்குள் முடிவு கட்டாமல், அந்த வீட்டுப் பெரியவர்களையே கேட்டு அறிவோம். பிரசாதம் வாங்குவதா வேண்டாமா என்பதை அவரவர் மனச்சான்று முடிவு செய்யட்டும். வாங்க மறுப்பவரும் கைகூப்பி, இன்சொல் சொல்லி மறுக்கலாம்.

அந்த ஆச்சி இன்று இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கும் நாளை நாங்கள் தவறவிட்டோம். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று இப்பந்தலில் நம்மோடு அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கைகூப்பி வணங்கி அமர்கிறோம்.