நுழைவுப் பரீக்ஷையும் கணக்கும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



நம் வகுப்பாரில் பட்டம் பெற்ற ஆண்களும் பெண்களும் வருஷந்தோறும் பெருகி வருவது யாவரும் கண்டு மகிழும் விஷயம். பட்டத்தோடு நில்லாமல் மேற்படிப்புக்குச் செல்ல விரும்புவோர் பெரும்பாலும் ஒரு நுழைவுப் பரீக்ஷையைக் கடந்தே தீரவேண்டியிருக்கிறது. நம் ராஜ்யத்தில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. வகுப்புகளிற் சேர அண்ணா சர்வகலாசாலையார் நடத்தும் ‘டான்செட்’. 2011-ல் திருச்சிராப்பள்ளியில் ஏற்பட்டது போன்ற ஐ.ஐ.எம். கலாசாலைகளிற் சேரக் ‘கேட்’. கடல் கடந்து செல்வோர்க்கு ‘ஜி.ஆர்.இ.’, ‘ஜிமேட்’. பெயர் எதுவாயினும் எல்லாவற்றிலும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை எவ்வாறு பயிலவேண்டும் என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்லப் புகுந்தோம். சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து கோச்சிங் கட்டணத்துக்கு உதவவேண்டும் என்று ஒரு யோசனை நம் முன் இருக்கிறபடியால், இது ஊரார் கொடுத்த பணத்தைப் பற்றிய விஷயமுமாகும்.

இப் பரீக்ஷைகளில் வருவது மிக உயர்ந்த கணிதம் அன்று. விகிதம், சராசரி, வட்டி, லாப நஷ்டம், காலமும் வேலையும், வேகமும் தூரமும், எளிய இயற்கணிதம், முக்கோணம், வட்டம் ஆகியவையே பெரும்பகுதி. அநேகமாய் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்து முடிந்தவை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டுப் பக்கத்து விடுதிப் பள்ளிக்கூடங்களைத் தேடித் தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பெற்றோர் வருகின்றனர். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் நூற்றுக்கு நூறு பெற்ற பிள்ளையே நான்கு வருஷம் கழித்து ஒரு சராசரிக் கணக்கின் முன் விழித்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். தொகையீடும் வகையீடும் போடத் தெரிந்தவன் இதற்கு ஏன் மலைக்கவேண்டும்? பாடப் புத்தகத்தில் கணக்குக்கு மேலே அத்தியாயத்தின் தலைப்பு இருக்கிறது. இன்ன வழியாற் போடு என்று அத் தலைப்பே சொல்லிவிடுகிறது. ஒரே மாதிரிக் கணக்கைப் பத்து முறை போட்டவனுக்குக் கை தானே ஓடும். நுழைவுப் பரீக்ஷையின் கணக்கோ தலைப்பில்லாமல் வந்து நிற்கும். எந்த இனத்துக் கணக்கு என்று கண்டுகொள்வதே பாதி வேலை. அந்தப் பாதியை நாம் பிள்ளைகளுக்குப் பழக்கவில்லை.

உதாரணம் ஒன்று பார்ப்போம். ஒரு லாரி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சரக்கோடு சென்று, அதே வழியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வெறும் வண்டியாய்த் திரும்புகிறது. சராசரி வேகம் என்ன? லாரித் தொழிலுக்குப் பேர்போன நம் நாமக்கல்லிலே கேட்டாலும் அவசரக்காரர் 50 என்பர். வினாத் தயாரித்தவர் அதை அறிந்தே 50 என்பதையும் விடைகளுள் ஒன்றாக வைத்திருப்பார். தூரம் 120 கிலோமீட்டர் என்று நாமே வைத்துக்கொள்வோம். போக 3 மணி, வர 2 மணி, 5 மணி நேரத்தில் 240 கிலோமீட்டர், ஆகவே 48. மெதுவாய்ச் சென்ற நேரம் அதிகமாகையால் சராசரி 40-ன் பக்கம் சாய்ந்தது. இந்தக் காரணத்தைச் சொல்லத் தெரிந்தவன் வினாவை எப்படித் திருப்பினாலும் தப்பித்துக்கொள்வான். சூத்திரத்தை மட்டும் உருப்போட்டவனோ, இரண்டு வேகத்திலும் சமமான நேரம் ஓடியது என்று ஒரு சொல்லை மாற்றிவிட்டால் அகப்பட்டுக்கொள்வான். அப்பொழுது 50-தான் சரியான விடை!

மற்றொன்று. பச்சை மஞ்சளில் நூற்றுக்கு 80 பங்கு நீர். காய்ந்த மஞ்சளில் நூற்றுக்கு 10 பங்கு நீர் என்று வைத்துக்கொள்வோம். 450 கிலோ பச்சை மஞ்சள் காய்ந்தால் எவ்வளவு நிற்கும்? எண்பதிலிருந்து பத்துக்கு வந்தபடியால் 70 பங்கு போயிற்று, மீதி 30 பங்காகிய 135 கிலோ என்று போடுவோர் அநேகர். இத்தகைய கணக்கில் மாறாதது எது என்று முதலிற் கேட்கவேண்டும். நீர் மாறுகிறது, மொத்த எடை மாறுகிறது. நீர் நீங்கிய பொருள் மாறுவதில்லை. அது 450-ல் ஐந்தில் ஒரு பங்கு, 90 கிலோ. காய்ந்தபின் அந்த 90 கிலோவே நூற்றுக்கு 90 பங்காக நிற்கிறது. ஆகவே விடை 100 கிலோ. நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டிக்குச் சரக்குக் கொண்டுபோகும் குடியானவர் எவரையேனும் கேளுங்கள்; 135 என்றதும் அவர் தலையை அசைப்பார். போட்ட விடை நடக்கக்கூடியதுதானா என்று ஒரு கணம் நிறுத்திப் பார்க்கும் புத்தி அவருக்கு இருக்கிறது. பட்டம் பெற்ற அவர் மகனுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

மனனத்தையே நாம் பழிக்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டா. திண்ணைப் பள்ளிகளில் நம் முன்னோர் எண்சுவடியை நெட்டுருச் செய்தனர். மா என்றால் இருபதில் ஒன்று. வீசம் பதினாறில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி 320-ல் ஒன்று. 4,800 ரூபாய்க்கு நூற்றுக்கு ஆறே கால் வீதம் எவ்வளவு என்றால் இக்காலத்துப் பட்டதாரி பெருக்கத் தொடங்குகிறான். ஆறே கால் வீதம் என்பது வீசம் அன்றோ? பதினாறால் வகுத்தால் 300. செவ்வாய்ப்பேட்டைப் பழைய வியாபாரிகளுக்கு இது மூச்சு விடும் நேரத்து வேலை. பன்னிரண்டரை வீதம் அரைக்கால். ஐந்து வீதம் மா. ஒன்றே கால் வீதம் காணி. இவை நாவில் நிற்கவேண்டும். கேட் பரீக்ஷையில் திரையிலேயே ஒரு கால்குலேட்டர் தருகின்றனர். ஜிமேட்டின் கணக்குப் பகுதியில் அதுவும் கிடையாது. இருந்தாலும் அதைத் தட்டிக்கொண்டிருப்பவனுக்கு நேரம் போதாது.

இனிப் புத்தகத்தைப் படிக்கும் முறை. ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் பிறந்தது நமக்கு அண்டையிலுள்ள ஈரோட்டில், 1887-ம் வருஷம் டிசம்பர் 22. கும்பகோணத்தில் வாசிக்கையில் அவர் கைக்கு வந்த நூல், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதத் திரட்டு. அந்தக் கார் பெரிய மேதை அல்லர். கேம்பிரிட்ஜ் பரீக்ஷைக்கு மாணாக்கரைத் தயார் செய்துவந்த ட்யூஷன் வாத்தியார். ஆயிரக்கணக்கான முடிவுகளை வரிசையாய் அடுக்கி, விளக்கத்தை மிகச் சுருக்கிய நூல் அது. ராமாநுஜன் ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்த்தார். மற்றப் பாடங்களைக் கைவிட்டதனால் அவர் எப்.ஏ. பரீக்ஷையில் தேறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறோம், தாய்மார்கள் பயப்படவேண்டாம்! கோச்சிங் புத்தகத்தையும் அப்படிப் படிக்கலாம் என்பதே நாம் சொல்வது. விடையை ஒரு காகிதத்தால் மூடிவிட்டுப் பதினைந்து நிமிஷமாவது தானே முயலவேண்டும். வழி புலப்படாவிட்டால் விளக்கத்தில் ஒரு வரி மட்டும் பார்த்து மறுபடி மூடவேண்டும். தவறிய கணக்கைத் தனி நோட்டில் எழுதி, எங்கே தவறியது என்று ஒரு வரி குறித்து, ஒரு வாரம் சென்றபின் திரும்பவும் போடவேண்டும். முந்நூறு கணக்கை இப்படிப் போட்டவன், மூவாயிரம் கணக்குக்கு விளக்கம் வாசித்தவனை முந்துவான் என்பது நமது துணிபு.

பரீக்ஷை மண்டபத்தில் அமர்ந்தபின் வேறொரு கணக்கும் உண்டு. 2024-ம் வருஷத்துக் கேட் பரீக்ஷையில் கணக்குப் பகுதிக்கு 40 நிமிஷம், வினாக்கள் 22. ஒன்றுக்கு இரண்டு நிமிஷமும் இல்லை. எல்லாவற்றையும் போட்டே தீர்வேன் என்னும் பிடிவாதம் அங்கே உதவாது; கடினமானதை விட்டு நகரத் தெரியவேண்டும். சரியான விடைக்கு 3 மார்க்கு. விடை தேர்ந்தெடுக்கும் வினாவில் தவறினால் 1 மார்க்குக் குறையும். நான்கு விடைகள் கொண்ட 12 வினாக்களுக்குக் கண்ணை மூடிக் குறித்தால், சராசரியாக 3 சரி, 9 தவறு; 9 வந்து 9 போயிற்று. ஒவ்வொன்றிலும் பொருந்தாத ஒரு விடையை நிச்சயமாய் நீக்கிவிட்டுக் குறித்தால் 4 சரி, 8 தவறு. 4 மார்க்கு மிச்சம். விடையை நாமே எழுதவேண்டிய வினாக்களில் இந்தத் தண்டனை இல்லையாகையால் அவற்றை வெறுமனே விடலாகாது.

தமிழில் வாசித்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கேட், டான்செட் இரண்டும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. கணக்குத் தெரிந்தும் ‘அட் லீஸ்ட்’ என்பது குறையாமல், ‘அட் மோஸ்ட்’ என்பது மிகாமல் என்று சட்டென்று தோன்றாமையால் மார்க்கு இழப்போர் உண்டு. இத்தகைய சொற்கள் ஐம்பது அறுபதுக்கு மேல் இரா. அவற்றைத் தனியே எழுதிப் பழகினால் ஒரு மாதத்தில் இந்தத் தடை நீங்கும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கேட் பரீக்ஷையின் முடிவில் வரும் ‘பெர்சென்டைல்’ என்பது நூற்றுக்கு இவ்வளவு மார்க்கு என்பதன்று. நூறு பேரில் எத்தனை பேர் பின்னே நிற்கின்றனர் என்பது. 2024-ல் எழுதியவர் ஏறக்குறைய 2,93,000 பேர். 90 என்று வந்தால் மகிழவேண்டியதுதான். ஆயினும் முன்னே சுமார் 29,000 பேர் நிற்கின்றனர். இதை அறியாமல், பிள்ளை தொண்ணூறு வாங்கியும் பெரிய கலாசாலையில் இடமில்லையே என்று வீட்டில் சச்சரவு நடக்கிறது. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய வீட்டில் அந்தச் சச்சரவு லேசானதன்று.

ஆகவே நிதியைப் பற்றிய நம் அபிப்பிராயம் இது. கோச்சிங்குக்கு உதவுவதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. முதலில் ஆறு மாதம் சங்கத்து மண்டபத்தில் ஞாயிறு காலைகளில் கணக்குக் கூட்டம் நடக்கட்டும். சமீப வருஷங்களின் வினாத்தாள்கள் விடைகளோடு கிடைக்கின்றன. அச்சிட்டுக்கொள்ளும் செலவே செலவு. 40 நிமிஷம் கடிகாரம் வைத்து எழுதுவது. பின் ஒவ்வொரு கணக்கையும் ஒருவர் பலகையில் போட்டு, ஏன் அப்படி என்று மற்றவர்க்குச் சொல்வது. பெண்களை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் வீட்டார் இங்கே அனுப்பத் தடையிராது. இந்த ஆறு மாதமும் தவறாமல் வந்து, தவறிய கணக்கு நோட்டை நிரப்பிக் காட்டியவர்க்கே நிதியிலிருந்து கட்டணம் கொடுக்கலாம். ஏழைப் பிள்ளைகளுக்கு முதலிடம்.

மண்டபத்தின் சாவியைக் காரியதரிசி அவர்களிடம் கேட்டிருக்கிறோம். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வருவோர் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவரட்டும்.