நட்பு மாறும் கணக்கு



இனம் இனத்தோடு சேரும் என்பார்கள். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்றும் சொல்வார்கள். சிகரெட் பிடிக்கும் நாலு பையன்கள் ஒன்றாகத் திரிகிறார்கள் என்றால், பழக்கம் ஒத்துப்போனதால் கூட்டாளி ஆனார்களா, கூட்டாளி ஆன பிறகு ஒருவனைப் பார்த்து இன்னொருவன் பழகிக்கொண்டானா? ஒரே ஒரு நாள் எடுத்த கணக்கை வைத்துப் பார்த்தால் இரண்டு பழமொழியும் சரிதான். காலப்போக்கில் பலமுறை எடுத்த கணக்கைக் கொண்டு இதைப் பிரித்தறிய முயலும் ஒரு முறையை இன்று எடைபோட்டுப் பார்க்கலாம். சியெனா என்பது அந்த முறைக்கான மென்பொருளின் பெயர். டாம் ஸ்னைடர்ஸ் என்ற நெதர்லாந்துப் புள்ளியியலாளரும் அவருடைய சகாக்களும் உருவாக்கியது. இப்போது ஆர் என்ற இலவசக் கணினி மொழிக்குள் ஆர்சியெனா என்ற பெயரில் எவருக்கும் கிடைக்கிறது.

ஸ்காட்லாந்தில் 1995 முதல் 1997 வரை ஓர் ஆய்வு நடந்தது. மேற்குப் பகுதியில் ஒரு பள்ளியின் பதின்மூன்று வயது மாணவர்களிடம், உன் நண்பர்கள் யார், ஆறு பேர் வரை சொல் என்று கேட்டார்கள். புகைப்பது, குடிப்பது பற்றியும் கேட்டார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாக, மூன்று முறை. கிளாஸ்கோ ஆய்வு என்று பெயர்பெற்ற அந்தத் தரவில் 50 மாணவிகளுக்குரிய பகுதி, பயிற்சிக்காக மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது. கோப்பைத் திறந்தால் 50 வரிசை, 50 பத்தி, எல்லாம் பூஜ்யமும் ஒன்றும். ஒருத்தி இன்னொருத்தியைத் தோழி என்று சொல்லியிருந்தால் அந்த இடத்தில் ஒன்று.

முதல் ஆண்டில் 113 ஒன்றுகள். இரண்டாம் ஆண்டில் 116. பெரிய மாற்றமில்லை என்று கோப்பை மூடிவிடத் தோன்றும். உள்ளே எண்ணிப் பார்த்தால், பழைய 113இல் நிலைத்தது 57தான். 56 அறுந்துபோயிருக்கின்றன; 59 புதிதாக முளைத்திருக்கின்றன. கூட்டுத்தொகை அசையாமல் இருக்க, பாதி நட்பு இடம் மாறிவிட்டது. சியெனாவுக்கு வேலையே இந்த இடத்தில்தான்.

இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவே நடந்ததை யாரும் பார்க்கவில்லை. மாற்றங்கள் ஒவ்வொன்றாக, சிறுசிறு அடியாக நடந்தன என்று மென்பொருள் வைத்துக்கொள்கிறது. ஒரு மாணவிக்கு முறை வருகிறது. அவள் ஒரு தோழியைச் சேர்க்கலாம், ஒருத்தியை விடலாம், சும்மாவும் இருக்கலாம். எதைச் செய்வாள்? மற்றவள் என்னைத் தோழியாக நினைக்கிறாளா, என் தோழிக்கும் தோழியா, என்னைப் போலவே குடிக்கிறாளா என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை. வேறொரு முறை, குடிப்பழக்கத்தில் அவள் ஒரு படி ஏறலாம், இறங்கலாம். கணினி இந்த நாடகத்தை ஆயிரக்கணக்கான தடவை நடத்திப் பார்த்து, நிஜத்தில் வந்த கணக்கோடு சராசரி பொருந்தும்வரை எடைகளைத் திருத்துகிறது. நட்பும் பழக்கமும் மாறிமாறி நகர்வதால் இரண்டு பழமொழிகளுக்கும் தனித்தனியே எடை கிடைக்கிறது.

இதில் நான் பெரிதாக மதிப்பது தோழியின் தோழிக்குக் கொடுக்கும் இடம். குடிக்கிற இருவர் நெருங்கியது குடியால் அல்லாமல், இருவருக்கும் பொதுவான ஒருத்தியாலும் இருக்கலாம். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் பழக்கத்தின் மீது பழி கூடிவிடும்.

குறையும் உண்டு. 2007இல் கிறிஸ்டாக்கிஸ், ஃபௌலர் என்ற இரு ஆய்வாளர்கள், உடல்பருமன் நண்பர்கள் வழியே பரவுகிறது என்று அமெரிக்கத் தரவைக் கொண்டு எழுதியது உலகச் செய்தியானது. வெறுமனே கவனித்துச் சேர்த்த தரவை மட்டும் வைத்து, வலுவான அனுமானங்கள் இல்லாமல், பரவலையும் ஒத்தவர் சேர்க்கையையும் பிரிக்க முடியாது என்று 2011இல் ஷலிஸி, தாமஸ் என்ற வேறு இரு ஆய்வாளர்கள் நிறுவினார்கள். சியெனாவும் அந்த வாதத்துக்குத் தப்பவில்லை. அது பிரிப்பதே அனுமானங்களின் பலத்தில்தான். வீட்டில் புகைக்கிற அண்ணன் இருப்பதை யாரும் கேட்டுப் பதியவில்லை என்றால், அந்தப் பாரம் தோழியின் கணக்கில் ஏறக்கூடும். ஒரே மாலையில் இருவர் சேர்ந்து முதல் சிகரெட்டைப் பற்றவைத்தால், சியெனா அதை இரண்டு தனி அடிகளாகவே உடைக்கும். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்ற நினைப்பும் அடியில் இருக்கிறது. ஆகவே வகுப்பறை, விடுதி, அலுவலகம் போன்ற இடங்களுக்குப் பொருந்தும்; கோடிக்கணக்கானோர் கூடும் ஃபேஸ்புக் முழுவதற்கும் பொருந்தாது.

மென்பொருளை ஓட்டுவது சில நிமிட வேலை. திறமை தெரிவது பிறகுதான். கணக்கு நிலைகொண்டதா என்று பார்ப்பவர் நல்ல ஆய்வாளர். அதோடு நில்லாமல், யாருமே பெயர் சொல்லாத மாணவிகள் எத்தனை பேர் என்பது போல, தாம் பொருத்தாத அம்சத்திலும் கணினி உருவாக்கிக் காட்டும் வகுப்பு நிஜ வகுப்பை ஒத்திருக்கிறதா என்று சோதிப்பவர் அவரைவிட நல்லவர். அனுமானங்களை வெளிப்படையாக எழுதவைத்து, அவற்றைச் சோதிக்கவும் வழி தருகிற கருவி என்பதால் இதை நான் உயர்வாகவே மதிப்பேன்.

பழகிப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த 50 பேர் கோப்பை எடுத்து, தோழியின் தோழி என்ற காரணத்தைச் சேர்த்து ஒரு முறையும் நீக்கி ஒரு முறையும் ஓட்டுங்கள். பழக்கத்தின் எடை எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள். அதன் பிறகு, நட்பால் பரவுகிறது என்று எந்தச் செய்தி வந்தாலும், எதையெல்லாம் கணக்கில் சேர்த்தார்கள் என்றுதான் முதலில் கேட்பீர்கள்.