மூன்று சுழி

சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பக்கத்துக் கூடத்திலிருந்து வரும் வத்தக்குழம்பு வாசனையையும் மீறி உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்கு நாலு வீடு தள்ளிப் பிறந்தவன் நான். நீச்சல் தெரியாது. சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் அப்படித்தான். தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் தெப்பம். முதல் நாள் கபாலி வருவார், அடுத்த இரண்டு நாளும் சிங்காரவேலர். நாங்கள் படியில் உட்கார்ந்து சுண்டல் தின்போம். தண்ணீரில் இறங்குவது சுவாமியின் வேலை என்று விட்டுவிட்டோம்.

அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, இந்த ஊரில் இருக்கும் என் பேத்தி, "தாத்தா, ரெண்டு கிலோமீட்டர் ஏரியில நீந்தப் போறேன். எவ்வளவு தருவீங்க?" என்றாள். புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நிதியாம். அவள் அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எதனால் போனான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பணம் தருவது சரி, அதற்கு எதற்கு நீந்த வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. என் மனைவிதான் சொன்னாள்: "அங்கப்பிரதட்சிணம் பண்றவாளைப் போய் இப்படிக் கேப்பேளா? வேண்டுதல்னா உடம்பு கொஞ்சம் நோகத்தான் வேணும்." நாற்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்த எனக்கு அன்றைக்குப் பாடம் நடந்தது.

அன்று இரவு தொலைபேசியில் பேத்திக்கு ஒரு கதை சொன்னேன். அடையாறு வழியாகப் போகும்போதெல்லாம் நீங்கள் பார்த்த புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கதைதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயில் இறந்துபோனார். சட்டசபைக்குப் போனது, தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியது, அவ்வை இல்லம் கட்டியது, இதெல்லாம் நமக்குத் தெரியும். இத்தனைக்கும் நடுவில் அந்த அம்மாள் தங்கையை மறக்கவில்லை. 1935-இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். 1952-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954-இல் திறந்தபோது இருந்தவை பன்னிரண்டு படுக்கைகள். தங்கை போய் முப்பத்தொரு வருஷம்! நம் வீடுகளில் முப்பத்தொரு வருஷம் கழித்துத் திதியாவது ஞாபகம் இருக்குமா?

திறந்த மறு வருஷமே அங்கே சேர்ந்தவர் டாக்டர் சாந்தா, எங்கள் மயிலாப்பூரில் பிறந்தவர். 2021-இல் காலமாகும்வரை அந்த வளாகமே அவருக்கு வீடு. (கைதட்டுங்கள், தப்பில்லை. செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார், இதோ முடிக்கிறேன்.)

முழுக்கக் கேட்டுவிட்டுப் பேத்தி கேட்டாள்: "தங்கைன்னா யங்கர் சிஸ்டரா?"

பெற்றோர்களே, குழந்தைகளைக் குறை சொல்லவில்லை, உங்களைத்தான் சொல்கிறேன். வீட்டில் எல்லாரும் பிரதர், எல்லாரும் சிஸ்டர். முன்னால் பிறந்தவனா, பின்னால் பிறந்தவளா என்று சொல்லாமல் கூடப்பிறந்த ஒருவரை முறை சொல்லிக் கூப்பிடவே நம் பேச்சில் வழியில்லை. தம்பி என்றால் தூக்கி வளர்த்த கை ஞாபகம் வரும். அண்ணா என்றால் சைக்கிளின் பின்சீட்டு. பிரதர் என்றால் எனக்கு ஒன்றும் வருவதில்லை. உங்களுக்கு வருகிறதா? ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஆத்திசூடியை ஒப்பிக்க வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் முறை சொல்லிக் கூப்பிடப் பழக்குங்கள். அதற்குச் சங்கத்தில் தீர்மானம் போட வேண்டியதில்லை, சந்தாவும் கட்ட வேண்டாம்.

போன சனிக்கிழமை நீச்சல். ஏரித் தண்ணீரில் கால் வைத்தவுடனே நான் துள்ளிப் பின்வாங்கினேன், அத்தனை குளிர். எல்லாரும் தொப்பி மாட்டியிருந்தார்கள், அதில் யாருக்காக நீந்துகிறார்களோ அவர்கள் பெயர். என் பேத்தி பெயர் எழுதவில்லை. கறுப்பு மையில், தமிழில், கோணல்மாணலாக 'அன்னா' என்று எழுதியிருந்தாள்.

ரெண்டு சுழி.

வாழ்நாளெல்லாம் இதற்குத்தான் பிள்ளைகளை நூறு முறை எழுத வைத்தேன். சட்டைப் பையில் வழக்கம்போல சிவப்புப் பேனா இருந்தது. "சரியா இருக்கா தாத்தா?" என்று கேட்டாள்.

இருக்கு என்றேன். இறங்கிவிட்டாள்.