இரு கரையும் ஓர் ஊர்



ஜேர்மனியில் வாழும் பழைய மாணவிகளாகிய நாம் இன்று அங்குள்ள ஒரு சிற்றூரைப் பற்றிப் பேச வந்துள்ளோம். பவேரியாவின் வட எல்லையிலுள்ள மொட்லாரொய்த்தில் ஐம்பது பேரளவிலேயே வாழ்கின்றனர். ஊரின் நடுவே தன்பாக் என்னும் சிற்றோடை ஓடுகின்றது. 1810 இல் அதுவே பவேரியாவுக்கும் அயற் சிற்றரசுக்கும் எல்லையாயிற்று. ஆயினும் ஊர் பிரியவில்லை. பள்ளிக்கூடம் தூறிங்கியாக் கரையில் இருந்தது. வழிபாட்டுக்கு இரு கரையாரும் பவேரியாவிலுள்ள அயலூருக்குப் போனார்கள்.

இரண்டாம் உலகப் போரின் பின் தூறிங்கியா சோவியத் வசமும் பவேரியா அமெரிக்கர் வசமும் ஆயின. 1952 இல் எல்லை மூடப்பட்டு வேலி எழுந்தது. பவேரியாக் கரைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கண்ணெதிரே இருந்தும் எட்டாததாயிற்று. 1966 இல் 700 மீற்றர் நீளத்துக்கு மதில் கட்டினார்கள். கிழக்குக் கரையில் நிற்பவர் எதிர்க்கரை உறவினருக்குக் கை காட்டுவதற்கும் தடை. பாதை பூட்டியிருந்த காலத்தை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1989 டிசெம்பர் 9 ஆம் திகதி வழி திறந்தது. 1990 ஜூன் 17 ஆம் திகதி மதிலை இடித்தார்கள். ஒரு பகுதியை மட்டும் வருங்காலத்தார் பார்ப்பதற்காக விட்டுவைத்தார்கள். இன்றும் ஊர் இரு மாநிலங்களிலேயே இருக்கின்றது; தபாற் குறியீடும் இரண்டு. எல்லை போகவில்லை, போய்வரும் உரிமை திரும்பியது. அதுவே அவ்வூராருக்குப் போதுமாயிருந்தது.

பல நாடுகளிலிருந்தும் இம்மண்டபத்தில் கூடியிருக்கும் நாமும் அவ்வுரிமையின் அருமையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.